ஞானத்தகப்பன் ஆகமாட்டேன்!

ஞானஸ்நானம் முடிகிற வரைக்கும் கற்றாழைச் சாராயமான மெஸ்காலை ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று எவரிஸ்தோ சபதம் எடுத்தான். வஹாக்கா நகரத்தில் அந்தத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பின்னே? மிக்சி ரிப்பேர்க் கடையைத் திறக்குமுன் ஒரு வாய், சாப்பாட்டுக்கு முன் ஒரு வாய், சாப்பாடு செரிக்க ஒரு வாய், செரித்த சந்தோஷத்துக்கு ஒரு வாய் என்று வாழ்கிற மனுஷன் அவன்.

சபதத்துக்குக் காரணம் மச்சான். பொண்டாட்டி கூக்காவின் தம்பி நிக்கானோர், கறிக்கடைக்காரன். அவனுக்கு வயசு போன காலத்தில் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்த ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். சொந்தத்தில் தன்னைத்தான் கேட்பார்கள் என்று எவரிஸ்தோவுக்குப் பயம். அந்த ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. கேட்கிறவர்கள் பூவும் ரொட்டியும் மெஸ்காலும் கொண்டுவந்து, கோப்பையைக் கையில் கொடுத்துக் கேட்பார்கள். வாங்கிக் குடித்துவிட்டால் தீர்ந்தது கதை. அப்புறம் தலைகீழாக நின்றாலும் வார்த்தையை மாற்ற முடியாது. அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே'. நீ, வா, போ கிடையாது. சாகிற வரைக்கும் நீங்க, வாங்க, போங்கதான். சம்பந்திகளாவது எப்போதாவது சண்டை போடலாம். கொம்பாத்ரேக்களுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது.

எவரிஸ்தோவுக்கோ நிக்கானோரோடு சண்டை போடுவதுதான் வாழ்க்கையின் ஒரே சுகம். ஒரு கல்யாண வீட்டில் நிக்கானோர் கரும்புச் சாராயத்தில் கொஞ்சம் புகைநாற்றம் ஏற்றிக் மெஸ்கால் என்று கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். எவரிஸ்தோ அதை மோந்து பார்த்து, கண்ணை மூடி, இன்ன கற்றாழை, இன்ன ஊர், இன்ன மலைச்சரிவு என்று பிரசங்கமே செய்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர் குடித்தாலும், "எந்த மலைச்சரிவு?" என்று கேட்கிறார்கள். மானம் போனது போனதுதான். பதிலுக்கு நிக்கானோரைத் திட்ட அவன் சேர்த்து வைத்திருந்த வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரி படுக்கையில் யோசித்து யோசித்து மெருகேற்றியவை. அதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு அவனைப் போய் 'நீங்க' என்பதா?

"கூக்கா, நல்லாக் கேட்டுக்கோ. உன் தம்பி பாட்டிலோட இந்த வாசப்படிய மிதிச்சான்னா நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

"சரி."

"தூது யாரு வந்தாலும் அதே கதிதான்."

"சரிங்கிறேன்ல."

"பிள்ளைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு."

"நீதான் குடிக்கவேமாட்டேங்கிறியே கிழவா, அப்புறம் எதுக்கு இந்தக் கத்து கத்துற?"

பொண்டாட்டி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் எந்தப் புருஷனுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும். எவரிஸ்தோவுக்குக் கரைக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மீசையைத் தடவிக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர் காப்பி நீட்டினால்கூட, "யார் கொடுத்தனுப்பினது?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்கினான். பாதிரியார் கொடுத்த தீர்த்தத்தையே மோந்து பார்த்தான் என்று ஒரு பேச்சு.

ஞானஸ்நானத்துக்கு இன்னும் கொஞ்ச நாளே பாக்கி. ஒரு மத்தியானம் பசியோடு வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்து கிடந்தது.

"காஸ் தீந்துபோச்சு."

"நேத்துதானேடி புது சிலிண்டர் வந்துச்சு?"

"வந்துச்சு. தீந்துபோச்சு."

"ஒரே நாள்லயா?"

"பீன்ஸ் வேக நேரமாச்சு. நிக்காத, எர்மெலிந்தா அக்கா கடையில இன்னிக்குக் கறுப்பு மோலே. வா."

மோலே என்றதும் எவரிஸ்தோவின் காலே முன்னால் போய்விட்டது. மிளகாயும் சாக்லேட்டும் எள்ளும் அரைத்து விடியற்காலையிலிருந்து கொதிக்கிற குழம்பு. தெருமுனையிலேயே வாசனை ஆளைப் பிடித்து இழுக்கும். ஆனாலும் அவன் ஏமாளி இல்லை. கடைக்குள் நுழைந்ததும் மேஜை மேஜையாகப் பார்த்தான். சமையலறைக்குள் போய்ப் பானை மூடியைத் தூக்கினான்.

"பானைக்குள்ள என்னடா தேடுற?" என்றாள் எர்மெலிந்தா, அகப்பையும் கையுமாக.

"என் மச்சான் இருக்கானான்னு பாக்குறேன்க்கா."

"உள்ள இருக்கிறது வான்கோழி. அது யாருக்கும் மச்சான் இல்ல. மூடுடா மூடிய, ஆவி போகுது."

திருப்தியோடு வந்து சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தான். மேஜையில் ஒரு கொத்து வெள்ளைப் பூ. ஒரு கூடை முட்டை ரொட்டி.

"இதை யாரு கேட்டா?"

"மேஜை மாறி வந்திருக்கும். விடேன், உன் தட்டுலயா விழுது?" என்றாள் கூக்கா.

வறுத்த வெட்டுக்கிளியைக் கொறித்துக்கொண்டு மோலேக்காகக் காத்திருந்தபோது எர்மெலிந்தா பெயர் ஒட்டாத ஒரு பாட்டிலைத் திறந்து அடுத்த மேஜைக்கு ஊற்றினாள். வாசனை காற்றில் வந்தது. எவரிஸ்தோவின் மூக்கு தானாக விரிந்தது. பாவம், எத்தனை நாள் பட்டினி கிடந்த மூக்கு அது!

"அக்கா, எந்த ஊர்ச் சரக்கு அது?"

"மியாவாத்லான்."

"மியாவாத்லானா? யாரு சொன்னா? மண்பானையில காய்ச்சின வாசனை இங்க வரைக்கும் வருது. அவங்க செப்புப் பானையிலதானே காய்ச்சுவாங்க!"

"நான் சொல்றேன், மியாவாத்லான்தான்."

"விடு கிழவா, உனக்கும் மோப்பத்துக்கும் ராசி கிடையாது," என்றாள் கூக்கா, பல் குத்திக்கொண்டே.

மூலை மேஜையிலிருந்து ஒரு குரல்: "எந்த மலைச்சரிவு?"

கடை கொல்லென்று சிரித்தது. எவரிஸ்தோவுக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது.

"கொண்டாங்கக்கா ஒரு கோப்பை!"

"ஐயையோ, சபதம்?" என்றாள் கூக்கா.

"சபதம் உன் தம்பிக்குத்தான்டி! இங்க அவன் இருக்கானா? இல்ல. அவன் ஆளு எவனாவது இருக்கானா? இல்ல. எனக்கு ஊத்துறது எர்மெலிந்தாக்கா. அப்புறம் எனக்கென்ன பயம்?"

எர்மெலிந்தா சுரைக்குடுக்கைக் கோப்பையைக் கொண்டுவந்து கூக்கா பக்கமாக வைத்தாள். எவரிஸ்தோ அதில் விரலை நனைத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து, முகத்தைப் பொத்தி மோந்தான். உலகமே மறந்துபோனது. சுட்ட கற்றாழை, ஈர மண், கொஞ்சம் புகை. ஆகா!

இந்த நேரம் பார்த்துத்தான் கூக்கா பேச ஆரம்பிக்க வேண்டுமா? கல்யாணமான நாளிலிருந்து இதே இம்சை. அவள் வாயைத் திறந்தால் அவன் காது தன்னால் சாத்திக்கொள்ளும். 'ம்' போடுகிற வேலையை வாய் பார்த்துக்கொள்ளும். இப்போதும் அப்படித்தான். கண்ணை மூடியபடி இருந்தவனுக்கு, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கூக்காவின் குரல் எங்கோ உயரத்திலிருந்து வந்தது. தம்பி என்றாள், குழந்தை என்றாள், ஞாயித்துக்கிழமை கோயில் என்றாள், பூ, ரொட்டி என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனாள்.

"ம்."

கோப்பை அவன் கையில் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நேரம் இரைச்சலாக இருந்த கடை ஏனோ கப்சிப்பென்று ஆகிவிட்டது. எல்லாரும் தன் மூக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு உள்ளம் பூரித்தது.

"உனக்குச் சம்மதம்தானே கிழவா?"

"சரி சரி, ஆகட்டும்! கொஞ்சம் வாயை மூடேன்டி, வாசனை கலையுது!"

முத்தம் கொடுக்கிற மாதிரி ஒரு உறிஞ்சு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மிச்சம் மொத்தமும்.

"மினாஸ் ஊர்ச் சரக்கு!" என்று கத்தினான். "மண்பானை! காட்டுக் கற்றாழை! எவனாவது இல்லைன்னு சொல்லட்டும் பாப்போம்!"

கண்ணைத் திறந்தான். கடை மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. எர்மெலிந்தா ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவரிஸ்தோ நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினான். பல வருஷக் களங்கம் தீர்ந்ததே!

"சரியாச் சொன்னடா, மினாஸ்தான்," என்றாள் எர்மெலிந்தா. "நல்லா இருப்பா, ஞானத்தகப்பா!"

"யாரு?"

"நீதான்," என்றாள் கூக்கா. நின்றுகொண்டிருந்தாள். பூங்கொத்து இப்போது அவள் கையில் இருந்தது. "என் தம்பி பிள்ளைக்கு ஞானத்தகப்பனா இருக்கச் சம்மதமான்னு கேட்டேன். ஆகட்டும்னு சொன்ன. குடிச்ச."

"நீ எப்படிடி கேக்கலாம்? அவன்ல வரணும்!"

"ரத்தச் சொந்தம் யாரு கேட்டாலும் செல்லும். உனக்கு ஞானத்தகப்பனா இருக்கச் சொல்லி உன் அத்தை போய்த்தானே கேட்டா?"

"என் காதுல விழவே இல்லையே!"

"கடை பூரா விழுந்துச்சு."

கடை பூரா தலையாட்டியது. மூலை மேஜைக்காரன் இரண்டு தடவை ஆட்டினான்.

"ஏன்டி எனக்கு இப்படிப் பண்ணுன?"

"உங்க சண்டையில ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரெண்டு வீட்ல தனித்தனியா ஆக்கிப் போட்டு என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இனிமே ஒரே பந்தி. உக்காரு, மோலே வருது."

எவரிஸ்தோ பொத்தென்று உட்கார்ந்தான். அத்தனை வசவும் வீண்! கறித் தராசைப் பற்றி ஒன்று வைத்திருந்தான், அவ்வளவு அழகானது. இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போது நிக்கானோர் உள்ளே வந்தான். கக்கத்தில் சீருக்கு ஒரு உயிருள்ள வான்கோழி, இடுப்பில் கறிக்கடை ஏப்ரன், உர்ரென்ற மூஞ்சி. ஜெயித்த திமிரைப் பார் என்று பல்லைக் கடித்தான் எவரிஸ்தோ. ஆனால் முறை முறைதான். கடையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுந்து போய், வான்கோழியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து, காதருகே சீறினான்:

"இந்தச் சதிக்கு எத்தனை நாளாத் திட்டம் போட்டீங்க, கொம்பாத்ரே?"

"நானா?" நிக்கானோர் வான்கோழியை மறு கக்கத்துக்கு மாற்றினான். "காலையில எலும்பு வெட்டிக்கிட்டு இருந்தேன். அக்கா வந்து பக்கத்துல நின்னு ஏதோ பேசிக்கிட்டே இருந்தா. சரி சரின்னு சொல்லித் தொலைச்சுட்டேன், கொம்பாத்ரே."