சாம்பியன் மண்டியிட்ட ஒன்பதாம் குழி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவனுக்கு எல்லா வேலையும் தெரியும். தெரியாது என்று சொல்ல மட்டும் தெரியாது.

நுவரெலியாவில் ஒரு வருடம் துரைமாரின் கோல்ஃப் பைகளைச் சுமந்தேன். (பசிக்குத் தேநீர், குளிருக்குச் சாக்கு.) பிறகு யாழ்ப்பாணம் திரும்பி, துரைமார் விளையாடும் கடலோர மைதானத்தில் தற்காலிக வேலையாளானேன். வேலை நிரந்தரமானால் பெண் தருவதாகப் பண்டத்தரிப்பில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மலைநாட்டுச் சாம்பியன் துரை ஒருவர் விளையாட வந்தார். மூன்று முறை கோப்பை வென்றவர். தூர அடியில் அவரும் என்னைப் போலத்தான். பந்து எங்கே போகும் என்பது கடவுளுக்கும் தெரியாது. ஆனால் குழிக்கு முப்பது முழத்துக்குள் வந்துவிட்டால் பந்து அவர் சொல் கேட்கும். அவருடைய பையையே சுமந்தவன் நான் என்று மைதானத்துக் காரியதரிசித் துரையிடம் அளந்துவிட்டேன். (சுமந்தது குடையை.) அப்படியானால் குழிகளை நீயே தயார் செய் என்றுவிட்டார்.

புல் முளைக்காத நிலம் அது. குழியைச் சுற்றி மணல் பரப்பி, எண்ணெய் தெளித்து அமுக்குவார்கள். எண்ணெய்ப் பீப்பா வந்து சேரவில்லை. புழுதி அடங்க எங்கள் ஊரில் சாணம் கரைத்து மெழுகுவார்கள். அது பெண்கள் வேலை. உத்தியோகம் என்று வந்தபின் வெட்கம் பார்க்கலாமா? விடிந்ததும் தொடங்கி ஒன்பது குழியையும் சுற்றி மெழுகினேன்.

எட்டுக் குழி காய்ந்து கண்ணாடியாகிவிட்டது. சாம்பியன் மெல்லத் தட்டிய பந்தெல்லாம் குழியிடம் குசலம் விசாரித்துவிட்டுக் கடல் பக்கம் போயிற்று. ஒன்பதாவது இன்னும் ஈரம். அவர் வெள்ளைக் காற்சட்டையோடு மண்டியிட்டுக் குறி பார்த்தார். எழுந்தபோது முழங்கால் இரண்டும் பச்சை. தட்டிய பந்து பாதி வழியில் ஒட்டிக்கொண்டது.

"இது என்ன?" என்று காரியதரிசி துரைத் தமிழில் கேட்டார்.

"சுத்தம், துரை" என்றேன்.

அந்த இடத்திலேயே வேலை போயிற்று. மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பார்க்க வந்த கமக்காரர், வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். துரைமார் போனதும் உள்ளே வந்தார்.

"வேலை போச்சோ, தம்பி?"

"ஓம்."

"உந்த ஒன்பதையும் நீர் தனியவோ மெழுகினனீர்?"

"ஓம், தனியத்தான்."

குனிந்து விரலால் தடவினார். "வடிவாத்தான் இருக்கு. என்ரை பெட்டைக்கு மெழுகப் பஞ்சி, குனியவே மாட்டாள். ஆவணியிலை நாள் வைப்பம்."

வைத்தார். அன்றிலிருந்து முற்றம் என் பொறுப்பு. வருகிறவர்கள் பார்த்துச் சிரித்தால், மனைவி உள்ளே படுத்தபடியே சொல்வாள்: "உவரை லேசா நினைக்காதேங்கோ. மூண்டு கோப்பை எடுத்த வெள்ளைக்காரனையே முழங்காலிலை நிக்க வைச்சவர்."