பல் முளைக்காத குழந்தைக்கு ஒரு கிலோ மாட்டிறைச்சி

அன்புள்ள எர்மெலிண்டா அக்காவுக்கு,

சூரிக்கிலிருந்து உன் தங்கை டெல்ஃபினா. நானும் அமதேயுவும் குழந்தை நொயேமியாவும் சுகம். இங்கே காய்ச்சல் வந்தால் காப்பீடு இருந்தும் முதலில் நம் பையில்தான் கை வைப்பார்கள் என்பதால், மிகக் கவனமாகச் சுகமாக இருக்கிறோம். அங்கே போர்ச்சுகலில், பிராகாவில் நீயும் ஜசிந்து அத்தானும் மூன்று பிள்ளைகளும் அதிகச் செலவில்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தானுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும், அந்தச் சம்பளத்தில் ஐந்து பேர் வாழ முடியுமா என்று கேட்டிருந்தாய். பொருளாதாரம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வராதே.

சம்பளத்தைப் பார்த்து மயங்காதே. அமதேயு முதல் மாதச் சம்பளத்தை, என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். வாடகையைக் கேட்டபோது இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். குழந்தைகள் காப்பகத்தில் கட்டணத்தைச் சொன்னதும், "வருஷத்துக்குங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் வெகுநேரம் சிரித்தாள். நான் வேலைக்குப் போனால் சம்பளத்தை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டு, டிராம் டிக்கெட்டுக்கு அமதேயுவிடம் கைநீட்ட வேண்டும். ஆகவே பட்டப்படிப்போடு வீட்டில் இருக்கிறேன்.

குப்பை போடவும் காசு. நகராட்சிப் பையில்தான் போட வேண்டும்; அதன் விலையில்தான் வரி. அமதேயு பை பிதுங்கும்வரை அதன்மேல் ஏறி நின்று மிதிக்கிறார். கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரம்மா திருமதி நெஃப் மேலே வந்து, "என்ன, போர்ச்சுகல்காரங்க வீட்டுக்குள்ளயே திராட்சை மிதிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இறைச்சிக் கடையில் இங்கே வேடிக்கை மட்டும் பார்க்கலாம். வாங்குவதற்குச் சனிக்கிழமை ரயிலேறி எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போகிறார்கள். திரும்பும்போது தலைக்கு ஒரு கிலோ வரை சுங்கத் தீர்வை கிடையாது. எந்தத் தலையாக இருந்தாலும் சரி. நொயேமியாவுக்குப் பல்லே முளைக்கவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு கிலோ மாட்டிறைச்சி உண்டு. எங்கள் குடும்பத்தில் சம்பாதிக்கிற இரண்டாவது ஆள் அவள்தான். இது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. போன வாரம் திருமதி நெஃப் கதவைத் தட்டினார்.

"டெல்ஃபினா, சனிக்கிழமை பாப்பாவைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போகட்டுமா? மக வீட்டுல விருந்து."

நான் வாயைத் திறப்பதற்குள் அமதேயு உள்ளேயிருந்து, "அது எங்க கிலோங்க, குடுக்கறதுக்கில்ல!" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நாங்களே போனோம். விலை மலிவாக இருந்ததென்று அமதேயு மூன்று பேருக்கு நான்கு கிலோ வாங்கி, குழந்தை வண்டியின் அடியில் வைத்துவிட்டார். எல்லையில் அதிகாரி குனிந்து பார்த்தார்.

"மூணு பேரு. நாலு கிலோ."

அமதேயு என் வயிற்றைக் காட்டினார். "நாலாவது ஆளு உள்ள இருக்காருங்க."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "வாழ்த்துகள் மேடம். அவரு வெளிய வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க. அவரு கிலோவை யாரும் தடுக்கமாட்டோம்."

தீர்வை கட்டினோம். ஆமாம் அக்கா, செய்தி உண்மைதான். அம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை; உனக்கு முன்னால் சுங்க இலாகாவுக்குத் தெரிந்துபோயிற்று. பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் நொயேமியாவை யாரிடம் விடுவது என்று யோசித்தோம். இந்த ஊரில் கதவைத் தட்டிக் கேட்கும் அளவுக்குப் பழக்கமானவர் திருமதி நெஃப் ஒருவர்தான். அவரிடம் விட்டால் குழந்தை நேராக ஜெர்மனிக்குப் போய்விடும்.

ஆகவே அத்தான் அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிடுவதே நல்லது. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் ஐந்து பேரையும் இப்போது இருக்கிற விலைவாசியிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் தங்கை,
டெல்ஃபினா

பி.கு.: இந்தக் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி வீடு காலியாகிறது. நேற்று திருமதி நெஃப்பிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். "அக்கா கண்டிப்பா வர்றாங்களா?" என்று கேட்டார். "கண்டிப்பா" என்றேன். மேலே எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இருந்தாலும் வா அக்கா. அத்தானுக்கு இந்தப் பின்குறிப்பை மட்டும் படித்துக் காட்டு.