ஸ்டோர் கீப்பர் போட்ட கனமான வார்த்தை

"அப்பா, இந்த வார்த்தையை யாரு போடச் சொன்னது?"

கடித நகலைக் கையில் வைத்துக்கொண்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்டோர் கீப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக அவர் தவம் கிடந்த இன்ஸ்பெக்டர் வேலைக்கான நற்சான்றுக் கடிதம் அது. அந்தக் கம்பெனியில் அவரவர் பெருமையை அவரவரே எழுதிக்கொண்டு போக வேண்டும். மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்.

"நானேதான் போட்டேன். 'நொட்டோரியஸ்லி ஆனஸ்ட்'. ஊரறிஞ்ச நேர்மைசாலி! எவ்வளவு கனமா இருக்கு பாரு."

"ஐயோ அப்பா! அது கெட்ட பேருக்குப் போடற வார்த்தை. மோசமான ரோடு, பொல்லாத ரவுடி, இவங்களுக்குத்தான் அது வரும்."

"அவ்வளவுதானே? ஒரே போன்ல சரி பண்ணிடறேன்."

தலைமை ஆபீசைக் கூப்பிட்டார். "சார், என் நேர்மையைப் பத்தி எழுதியிருக்கறதைத் தயவுசெஞ்சு நம்பாதீங்க!"

"சரிங்க, முதலாளி பெரியவர்கிட்ட சொல்லிடறேன்" என்று எதிர்முனை போனை வைத்துவிட்டது.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "இருக்கறதையும் கெடுத்துட்டீங்களேப்பா!"

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? அந்த வார்த்தையைத் தூக்கிவிட்டுப் புதுக் கடிதம் அடித்தார். மேனேஜர் லீவு. அதனால் என்ன? வருஷக்கணக்கில் பார்த்த கையெழுத்து. மேனேஜரைவிட அழகாகவே போட்டார்.

மத்தியானம் தலைமை ஆபீசில், ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் போய்க் குனிந்து கிசுகிசுத்தார். "அம்மா, பழைய லெட்டரை உருவிட்டு இதை வெச்சிடுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும்."

அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "உங்க மேனேஜர் லீவுன்னாங்களே. கையெழுத்து யாரு போட்டது?"

"நான்தான். ஆனா அச்சு அசலா இருக்கும், வேணும்னா ஒத்துப் பாருங்க!"

அந்த அம்மாவுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"எல்லாரும் திட்டற அளவுக்கு நேர்மையான ஆளுதான் இன்ஸ்பெக்டரா வேணும்னு, பெரியவர் அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையில உங்களைத் தேர்ந்தெடுத்துட்டாரு சார், நீங்க போன்ல சொன்னதைக்கூட தன்னடக்கம்னுட்டாரு. இந்தக் கள்ளக் கையெழுத்தை இப்ப என்னன்னு சொல்லி அவர்கிட்ட காட்டுவேன்?"