முள் எடுக்க முன்பதிவு

ஒரு காட்டில் கருவேல மரங்கள் ஏராளம். செருப்போ யாரிடமும் இல்லை. ஆகவே முள் எடுக்கும் குரங்கு செவ்வந்திக்கு ஓய்வே கிடையாது. மரத்தடியில் கூடியிருப்பவர்களில் யார் அதிகமாக நொண்டுகிறாரோ அவரை முதலில் கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அவ்வளவுதான்.

"இதென்னம்மா, சந்தைக்கடை மாதிரி?" என்று வந்து சேர்ந்தது நரி. நகரத்துக் குப்பைமேட்டில் ஆறு மாதம் நிர்வாகம் பயின்ற நரி அது. வரும்போதே ஒரு செல்போனும் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம், முன்பதிவு கட்டாயம், பதிவு செய்துவிட்டு வராதவர் பெயர் அடியோடு நீக்கப்படும் என்று அறிவித்தது.

காடே முண்டியடித்துப் பதிவு செய்தது. முள் குத்தியவர்கள் அல்ல. அவர்களால் ஓடிவர முடியவில்லை. இனிமேல் குத்தினால் உதவுமே என்று நினைத்தவர்கள். ஒரே காலையில் மூன்று வாரம் நிரம்பிவிட்டது.

மறுநாள் எருமை நொண்டிக்கொண்டே வந்தது. குளம்பின் நடுவே விரல் நீள முள்.

"ஒரு நிமிஷ வேலை, எடுத்துடறேன்," என்றாள் செவ்வந்தி.

"பதிவு இல்லையே!" என்றது நரி. "அடுத்த மாசம் நாலாம் தேதி போட்டிருக்கேன், வாங்க. இப்ப புள்ளிமான் நேரம்."

புள்ளிமானுக்கு முள்ளே குத்தவில்லை. ஆனால் கிடைத்த நேரத்தை விட மனசு வருமா? வழியில் முட்புதரை நாலு மிதி மிதித்துவிட்டு, நொண்டியபடி சரியாக வந்து உட்கார்ந்தது. நரி பூரித்துப்போனது.

எருமை குளத்தங்கரைகூடப் போய்ச் சேரவில்லை. நொண்டும் எருமையைப் பிடிக்கப் புலிக்கு வியர்க்கவும் இல்லை.

மானின் மூன்றாவது முள்ளைச் செவ்வந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, புலியே வாயைப் பிளந்தபடி வந்தது. எருமையின் முள் அதன் ஈறில் ஏறியிருந்தது.

நரி இரண்டடி பின்வாங்கியது, ஆனாலும் விதியை விடவில்லை. "ஐயா, இது மானோட நேரம்..."

மானால் ஓட முடியவில்லை. ஈறு வலியையும் பொறுத்துக்கொண்டு புலி அதைத் தின்று முடித்தது.

"இப்ப யாரோட நேரம்?"

"உங்களோடதுதாங்க."

செவ்வந்தி அழுதுகொண்டே புலியின் வாய்க்குள் கைவிட்டு முள்ளை உருவினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இதைத்தானே அப்பவே எடுத்துடறேன்னு சொன்னேன்!" என்றாள்.

நரி காதில் வாங்கவில்லை. செல்போனில் இரண்டு பெயர்களை அழித்துவிட்டு, இன்று நேரம் எதுவும் வீணாகவில்லை என்று குறித்துக்கொண்டது.

நீதி: வரிசையில் முன்னேற முன்பதிவு தேவையில்லை, முன்னால் இருப்பவரைத் தின்றாலே போதும்.