அரைக்கண் வாத்தியார் போட்ட மார்க்

கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடுகிறார்கள் என்று யாராவது குறைப்பட்டால் எனக்குக் கோபம் வரும். உலகத்திலேயே நியாயமாக மார்க் போட்ட மனிதர் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டார்.

வெள்ளைக்காரன் காலம். சித்தூரில் வாத்தியார் வேலைக்கு டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தோம். பூகோளம் எடுத்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைக்கண் வாத்தியார். நடக்கும்போதே பாதித் தூக்கம். திருப்பதிக்கென்று ரயிலேறியவர் காட்பாடியில் போய் இறங்கி, "மலை எங்க காணோம்?" என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டாராம்.

வருஷக் கடைசியில் நாலு நாலு பேராகச் சேர்ந்து, ஜில்லாவையே மலையும் ஆறுமாக முற்றத்தில் களிமண்ணால் கட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு. எங்கள் நாலு பேரில் விஜயபுரத்து ஆபிரகாம் ஒருவன். எங்களோடு நன்றாகப் பேசுவான். வாத்தியார் எதிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே பாதிப் பாடத்தில் தவறியிருந்தான். இதிலும் போனால் சர்டிபிகேட் கிடையாது, ஊருக்குப் போய் வேர்க்கடலை பிடுங்க வேண்டியதுதான். இன்னொருவன் வரதன், பக்திமான். அவன் கட்டிய திருமலை இடுப்பளவு வளர்ந்துவிட்டது.

"சாமி மலைய எப்பிட்றா குள்ளமா கட்றது?" என்றான்.

சாயங்கால வெயிலில், ஈரமண் வாசனையில், நாங்கள் நிற்பது நிஜ ஜில்லாவா மண் ஜில்லாவா என்பதே மறந்துபோகும்.

பரீட்சையன்று வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மலை மேல தண்ணி ஊத்துங்க."

ஊற்றினோம். அவ்வளவு உயரத்திலிருந்து மொத்த வெள்ளமும் சரிந்து, நடுவிலிருந்த மேட்டையும் தாண்டி வந்து சித்தூரை மூழ்கடித்தது. வரதன் திருதிருவென்று விழித்தான். ஆபிரகாம் மட்டும் குனிந்து விரலால் ஒரு வழி கீறினான். தண்ணீர் காளஹஸ்திப் பக்கம் திரும்பியது.

"சத்தம் மாறிப்போச்சே. யாரு வெட்டினது?"

"ஆபிரகாம், சார்."

"அவன் பேச வாணாம். ஏன் அங்க வெட்டினான், மத்தவங்க சொல்லுங்க."

"சுவர்ணமுகி ஆறு அப்பிடித்தான் சார் போய்க்கினு இருக்குது" என்றேன். "மலைத்தண்ணி சித்தூருக்கு வராது, நடுவுல மேடு" என்றான் வரதன். மீதியிருந்த ஒருவன் ஆற்றை வாயாலேயே கடல்வரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"ஆபிரகாம்தான் சார். மண்ணு மெதிச்சிக்கினே சொல்லுவான்."

வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. "மூணு பேருக்குப் புரியறாப்பல சொல்லிக் குடுத்துக்கீறான். வாத்தியாருக்கு வேற இன்னா வேணும் நைனா? அவன் பாஸ். வரதா, மலைய கொஞ்சம் செதுக்கு. சாமி கோச்சுக்காது."

ஆபிரகாம் அழுதுவிட்டான். வாத்தியார் அதைப் பார்க்கவில்லை, குறட்டை வந்துவிட்டது. வெயில் நாற்காலிக்கு ஏறியது. எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை, அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. நாலு பேரும் நகர்ந்து நின்று, அவர் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டோம்.