மிட்டாய் ஜாடியும் மண்டல விளக்கும்

அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை ஊரைக் கூட்டிவைத்துப் பேச இருபத்திரண்டு வயதைவிடத் தோதான வயது கிடையாது. அதற்கு முன்னால் பேசினால் யாரும் கேட்க வரமாட்டார்கள். அதற்குப் பின்னால் நமக்கே வெட்கம் வந்துவிடும். எனக்கு இருபத்திரண்டு வயதானபோது மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் சில மாதங்கள் இருந்தன. மலாக்கா காஜா பேராங் வட்டாரத்துத் தமிழர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்காமல் மெர்டேக்கா வந்தால் அது செல்லாது என்று நான் மனதார நம்பினேன்.

இதையெல்லாம் எழுத எனக்கு இஷ்டமே இல்லை. அலுத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், கோப்பி ஆறுவதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் என் முட்டாள்தனம் கொஞ்சம் வளர்ந்து வருகிறது. போன தீபாவளிக்கு அது நான் வீட்டையே கொளுத்தப் பார்த்தேன் என்ற அளவுக்கு வந்து நின்றது. ஆகவே, நடந்த முட்டாள்தனத்தை மட்டும் நானே எழுதி வைத்துவிடுகிறேன். அதுவே போதுமான அளவு இருக்கிறது.

அப்போது நான் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் வாத்தியார். என் நண்பன் முத்தையா டவுனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். காஜா பேராங்கில் இருந்த சின்ன வாசிப்புச் சங்கத்துக்கு அவன்தான் காரியதரிசி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் விஞ்ஞானம் பேசுவது, அவன் நோட்டீஸ் அடிப்பது என்று ஏற்பாடு. நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் ‘விஞ்ஞானச் சுடர்’ என்று அவனாகவே போட்டுவிட்டான். (நான் கேட்கவில்லை. இரண்டு தடவை ஜாடையாகச் சொன்னேன், அவ்வளவுதான்.)

முதல் பேச்சு, மழை ஏன் பெய்கிறது என்பது. அன்றைக்கு மழை பெய்ததால் யாரும் வரவில்லை. இரண்டாவது, கொசு. ஏழு பேர் வந்தார்கள். கடி தாங்காமல் நாலு பேர் பாதியில் எழுந்து போனார்கள். மூன்றாவது பேச்சுக்குச் சங்கக் கொட்டகையே கிடைக்கவில்லை. மெர்டேக்கா ஊர்வலத்துக்குப் பிள்ளைகள் அங்கே கொடி பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். “நம்ம வீட்டு முன்கூடத்துல வச்சுக்குங்க” என்றார் டிரெசர் சின்னையா.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காயம் கட்டி, மருந்து கொடுத்து, ஊசி போடுகிறவரை அன்று டிரெசர் என்போம். எங்களுக்கு அவர் முக்கால் டாக்டர். அவர் வீடு சிட்டி கம்போங் என்ற குடியிருப்பின் ஓரத்தில் இருந்தது. அங்கே குடியிருந்த சிட்டிகள் பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம்; நம் கோயிலுக்கு வருவார்கள், நம் சாமியைக் கும்பிடுவார்கள்; ஆனால் பேச்சு மட்டும் மலாய். அவர்களும் பேச்சு கேட்க வருவதாகச் சொன்னதால், நான் தமிழில் பேசுவதை முத்தையா மலாயில் எடுத்துச் சொல்வது என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறு கூடம் நிறைந்துவிட்டது. (டிரெசர் மனைவி ராஜம்மாவின் வடைக்குக் கம்போங் முழுக்கப் பெயர் இருந்தது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.) டிரெசருக்கு அன்று டூட்டி, ஆறு மணிக்குத்தான் வருவார். ராஜம்மாவும் இரண்டாவது மகள் லோகாவும் அடுப்படியில் இருந்தார்கள். மூத்த மகள் சரசு பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். உள்ளறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைய பொருள், ‘காற்று’. என் சோதனை சுலபமானது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து, மேலே ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைக் கவிழ்க்க வேண்டும். வத்தி அணையும், தண்ணீர் ஜாடிக்குள் ஏறும். எரியும்போது காற்றில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று நான் விளக்குவேன். ஜாடி, சீனர் கடையில் கெஞ்சி வாங்கிய மிட்டாய் ஜாடி. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று, வாத்தியார் புத்தி, தண்ணீரில் சிவப்பு மை கலந்தேன். கொஞ்சம் தாராளமாகவே கலந்தேன்.

அரை மணி நேரம் பிராணவாயுவைப் பற்றி முழங்கினேன். முத்தையா எழுந்து, சிட்டிகள் பக்கம் திரும்பி, ஒரே வரியில் முடித்தான்: “அங்கின் அடா, அப்பி ஈடோப். அங்கின் தடா, அப்பி மாத்தி.” காற்று இருந்தால் தீ பிழைக்கும், காற்று இல்லாவிட்டால் செத்துவிடும் என்று அர்த்தம். நான் அரை மணி நேரம் சொன்னதில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

சோதனைக்கு வந்தேன். மெழுகுவத்தியைத் தேடினால், சைக்கிள் கேரியரில் பிற்பகல் வெயிலில் கிடந்து வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்து, என் குறிப்பேட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“மெழுகுவத்தி எங்கடா?” என்றேன்.

“அது மண்டையப் போட்ருச்சு லா, வாத்தியாரே.”

“ஒரு விளக்காவது கொண்டு வா. சீக்கிரம்!”

முத்தையா உள்ளே போனான். ஒரு சின்ன காமாட்சி விளக்கோடு வந்தான். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தீக்குச்சி மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். இதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டிருக்கலாம். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியைத்தான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜாடியைக் கவிழ்த்தேன். சுடர் குறுகியது, நீலமானது, அணைந்தது. செக்கச் செவேலென்று தண்ணீர் ஜாடிக்குள் ஏறியது. முன்வரிசை வாயைப் பிளந்தது. “தெரியல!” என்றது பின்வரிசை. திரியைத் துடைத்துப் பற்ற வைத்து மறுபடியும் செய்தேன். அடுத்து, கபாயாச் சட்டை போட்ட சிட்டி அம்மாள் ஒருவர் மலாயில் ஏதோ கேட்டார். இன்னொரு தரம் பார்க்க ஆசைப்படுகிறார் என்றான் முத்தையா. அவருக்காக மூன்றாவது தடவையும் செய்தேன். அந்த நேரத்தில்தான் ராஜம்மா வடைத் தட்டோடு கூடத்துக்குள் வந்தார்.

தட்டு கீழே விழவில்லை. (சில பேர் சொல்வதில் விழுகிறது.) அவர் அதை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார். ஜாடிக்குள் கருகிய திரியைப் பார்த்தார். சிவந்து ஏறிய தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் சாமி மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே விளக்கு இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் மட்டும் இருந்தது.

“வாத்தியார் தம்பி,” என்றார். “அது சரசு விளக்கு.”

போன வருஷம் சரசுவுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அணையாமல் விளக்கு வைப்பதாக ராஜம்மா நேர்ந்திருந்தார். இரவிலும் எழுந்து எண்ணெய் ஊற்றியிருக்கிறார். அன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.

இவ்வளவும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லி முடித்தபோது சரசு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் அந்தச் சிவப்புத் தண்ணீரை விட்டு நகரவில்லை. அழவில்லை. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அப்போது ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? “பயப்படாதீங்க, இது வெறும் பிராணவாயுப் பற்றாக்குறைதான்” என்றேன்.

கூடம் காலியாயிற்று. வடையை யாரும் தொடவில்லை. காஜா பேராங்கில் அது வரை நடக்காத அதிசயம் அது ஒன்றுதான். முத்தையா எப்போது மறைந்தான் என்றே தெரியவில்லை.

டிரெசர் வந்தார், கேட்டார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “வெளக்குக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லதான், ராஜம்மா” என்று ஆரம்பித்தவர், மனைவி முகத்தைப் பார்த்ததும் கை கழுவப் போய்விட்டார். தீர்ப்பு ராஜம்மாவுடையது.

“அணைச்சவரு நீங்க. இனி நீங்களே ஏத்தணும். முதல் நாள்லேர்ந்து ஒரு மண்டலம். காலையில வந்து எண்ணெ ஊத்துங்க, சாயங்காலம் வந்து ஊத்துங்க. ராத்திரிக்கு நான் பாத்துக்குறேன்.”

“அம்மா, எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை…”

“ஒங்க நம்பிக்கைய யாரு கேட்டா? எண்ணெ ஊத்த கை இருக்குல்ல?”

இருந்தது. ஆகவே, மறுநாளிலிருந்து மெர்டேக்கா யுகத்தின் விஞ்ஞானச் சுடர் பத்து பெரெண்டாமிலிருந்து காஜா பேராங்குக்குக் காலையும் மாலையும் சைக்கிள் மிதித்தது. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. விடியும் முன் எழுந்து, விளக்குக்கு எண்ணெய் விட்டு, பசியாறாமல் பள்ளிக்கு ஓடி, கணக்கு வகுப்பில் நின்றபடியே தூங்கி, சாயங்காலம் மறுபடியும் விளக்கு. சிட்டி வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கண்டால் “அப்பி மாத்தி! அப்பி மாத்தி!” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள்.

மூன்றாம் நாள் நான் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது, டைப்பிங் வகுப்புக்குக் கிளம்பிய லோகா நின்றாள். அதுவரை அவள் என்னோடு பேசியதில்லை.

“ஒன்னு கேக்கலாமா, சார்? அன்னிக்கு எல்லாரும் வெளக்க பாத்தாங்க. நான் கதவுகிட்ட நின்னு தண்ணிய பாத்தேன். வெளக்கு எரியிறப்ப தண்ணி சும்மாதான் இருந்துச்சு. அணைஞ்சப்புறம்தான் கிடுகிடுன்னு ஏறுச்சு. எரியறப்ப காத்து செலவாவுதுன்னா, அப்பவே ஏறியிருக்கணும்ல?”

ஊரைக் கூட்டி வைத்துப் பேசிய என்னிடம் வந்த ஒரே கேள்வி அது. “நாளைக்குச் சொல்றேன்” என்றேன். (இந்த ‘நாளை’ நீண்டுகொண்டே போனது.)

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நான் போனபோது வீட்டில் லோகா மட்டும் இருந்தாள். சரசுவுக்கு மத்தியானமே வலி கண்டு, எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். நான் எண்ணெய் ஊற்றி நிமிர்ந்தேன். மழைக்கு முன்னால் வருமே அந்தக் காற்று, அது கிளம்பிற்று. பலகைச் சுவரின் இடுக்கெல்லாம் ஊதியது. சுடர் படுத்துப் படுத்து எழுந்தது. மூலையில் மிட்டாய் ஜாடி கண்ணில் பட்டது. கை தானாக அதை நோக்கிப் போனது.

“சார்!” என்றாள் லோகா.

கையை இழுத்துக்கொண்டேன். அவள் ஓடிப்போய் அப்பாவின் கறுப்புக் குடையைக் கொண்டுவந்தாள். நான் சாமி மேடைக்கு முன் முழந்தாளிட்டு, குடையைச் சாய்த்து விரித்து, முதுகைச் சுவரின் இடுக்குக்குக் கொடுத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். கால் மரத்துவிட்டது, நான் அசையவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. சரசு அன்று வயிற்றின் மேல் வைத்த அந்தக் கை கண் முன்னாலேயே நின்றது. விளக்குக்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அணைய விடக்கூடாது என்றிருந்தது. என் உதடு அசைந்துகொண்டே இருந்தது என்று லோகா சொல்கிறாள். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நான் இன்று வரை சாதித்து வருகிறேன்.

டிரெசர் நனைந்துகொண்டே ஓடி வந்தார். “பையன்! ரெண்டு பேரும் சௌக்கியம்!” என்றவர், தன் கூடத்தில் விஞ்ஞானச் சுடர் விளக்குக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு, “குடைய மடக்கலாம், வாத்தியாரே” என்றார்.

பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனி விடுதலை என்று நினைத்தேன். ராஜம்மா பாக்கி முப்பத்தாறு நாளையும் விடவில்லை. அந்த நாட்களில், பள்ளியில் பிள்ளைகள் போன பின்பு மெழுகுவத்தியும் தட்டுமாக உட்கார்ந்து பார்த்தேன். லோகா சொன்னதே சரி. சுடரின் சூட்டில் காற்று விரிந்து, கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. அணைந்ததும் மிச்சம் குளிர்ந்து சுருங்குகிறது. அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது. நாற்பத்தெட்டாம் நாள் இதைப் பெருமையாக அவளிடம் சொன்னேன்.

“இதுக்கா ஒரு மண்டலம்?” என்றாள்.

அதற்கப்புறம் எந்த மேடையிலும் நான் விஞ்ஞானம் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது, குத்துவிளக்குப் பக்கத்தில் ராஜம்மா ஆள் போட்டிருந்தார். மாப்பிள்ளை கை எட்டாமல் பார்த்துக்கொள்ளவாம். ஆனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து சாயங்கால விளக்கு என் வேலை. அறுபது வருஷமாகிறது. “விஞ்ஞானச் சுடரே, நேரமாச்சு” என்று லோகா குரல் கொடுப்பாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவேன். நம்பிக்கை உண்டா என்று யாராவது கேட்டால், எண்ணெய் ஊற்றக் கை இருக்கிறது என்பேன்.

போன மாதம், அன்று பிறந்த சரசுவின் மகனுக்கு இருதயத்தில் ஆபரேஷன். அவனுக்கே இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. அந்தச் சாயங்காலம் நான் விளக்கேற்றி முடிக்கவும் மழைக்காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. ஜன்னல் கொக்கி துருப்பிடித்து, எங்கள் இரண்டு பேர் கைக்கும் அசையவில்லை. லோகா உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து நீட்டினாள். நான் வாங்கி விரித்தேன். முழந்தாளிட முடியாததால் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஈனக் குரலில் அவன்தான் பேசினான். முந்தின நாள் குடை பிடித்ததை நாங்கள் ஒருவரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

“சித்தப்பா,” என்றான், “குடைய மடக்கலாம்.”