நாலடி நடந்த குற்றம்

கெடுத்தேனா? நான் எதைக் கெடுத்தேன் சார்? 'மேற்படி மாணவி, தேர்வுப் பிரிவின் குழு ஒத்துழைப்புக்கு ஊறு விளைவித்தார்'னு விசாரணை நோட்டீஸ்ல எழுதிட்டீங்க. என்ன ஊறுன்னு எழுதலையே? நானே சொல்றேன். ஒரு மேஜையிலேர்ந்து அடுத்த மேஜைக்கு ஒரு பேப்பரைக் கொண்டுபோனேன். நாலு அடி.

என் ஹால் டிக்கெட்ல பிறந்த தேதி தப்பு. திருத்தலைன்னா தேர்வறைக்குள்ள விடமாட்டாங்க. சரிபார்க்கிற அக்கா டிக் அடிக்கணும், கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடணும், சீல்காரர் சீல் வைக்கணும். மூணு பேரும் ஒரே ரூம்ல இருந்தப்போ அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் ஒத்துழைப்பை மேம்படுத்தறேன்னு ஒரு ஆலோசகர் வந்து, சும்மா கிடந்த சங்கை ஊதிட்டுப் போனார். சீல்காரர் வீட்டுலேர்ந்து வேலை பார்க்கணுமாம். அவர் சீலையும் கூடவே எடுத்துட்டுப் போயிட்டார். வீட்டுல இருக்கிறவர் தன்னை ஒதுக்கிட்டாங்கன்னு நினைக்கக்கூடாது பாருங்க, அதனால ஆபீஸ்ல இருக்கிறவங்களும் வீட்டுல இருக்கிற மாதிரியே நடந்துக்கணும்னு உத்தரவு. நேர்ல பேசக்கூடாது, பேப்பர் கைமாறக்கூடாது, எல்லாம் கம்ப்யூட்டர் வழியா.

அக்கா டிக் அடிச்சாங்க. "சார்கிட்ட குடுங்கக்கா"ன்னேன்.

"அவர் லைன்ல இல்லம்மா."

"உங்க முதுகுக்குப் பின்னாடிதானே உக்காந்திருக்கார்?"

"இருக்கார். லைன்ல இல்லையே."

பின்னாடி கண்காணிப்பாளர் தும்மினார். அக்கா திரும்பவே இல்ல. 'உடம்பைப் பாத்துக்குங்க சார்'னு டைப் அடிச்சாங்க.

மூணு நாள் நின்னேன். நாலாம் நாள் அந்த டிக்கெட்டை எடுத்துக் கண்காணிப்பாளர் முன்னாடி வெச்சேன். பாவம், இருபது வருஷப் பழக்கம், கையெழுத்துப் போட்டுட்டார். போட்டப்புறம்தான் பதறினார்.

"ஐயோ, இது எந்த வழியா வந்துச்சு?"

"கால் வழியா சார்."

அன்னிக்கே டிக்கெட்டை சாட்சிப் பொருளாப் பிடுங்கி ஃபைல்ல வெச்சுட்டீங்க.

ஆனா என்னை விசாரிக்கணும்னதும் ஒரே நாள்ல நோட்டீஸ் ரெடி! அதுல டிக், கையெழுத்து, சீல், மூணும் பளிச்சுனு இருக்கு. இதோ விசாரணைக்குன்னு மூணு பேரும் ஒரே மேஜையில. அக்கா சீல்காரருக்கு டீயை நீட்டறாங்க, கையால! அவர் சட்டைப் பையில சீல் துருத்திட்டு நிக்குது.

நீ மட்டும் யோக்கியமான்னு கேப்பீங்க. கேளுங்க. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல 'நாங்க இருக்கோம்'னு அறுபத்திரெண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கினாங்க. கதவைத் திறந்து பாருங்க, வராண்டாவுல ஒரு ஈ காக்கா இல்ல. போன வாரம் வேற ஒருத்திக்கு நானும் அதே கட்டைவிரலைத் தூக்கிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்கினவதான்.

என் அரியர் தேர்வு ரெண்டு மணிக்கு. இப்போ ஒண்ணு இருபது. டிக்கெட் உங்க ஃபைல்ல, சீல் அவர் பையில. நடுவுல நாலு அடிகூட இல்ல. விசாரணை நேரலையில ஓடுது, அந்த அறுபத்திரெண்டு பேரும் படுத்தபடி பாத்துட்டிருக்காங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாயைத் திறந்து சொல்லுங்க சார்: அந்த சீல் அந்த டிக்கெட்ல விழணும்னா, நான் இன்னும் என்ன குற்றம் பண்ணணும்?